கணக்கு கேட்டவனுக்கு ரகுவரன் வேஷம்

"பெரியப்பா, நீங்கதான் ரகுவரன்" என்று மச்சினி மகள் சொன்னதும், வேனின் கடைசி சீட்டில் குறுகி உட்கார்ந்திருந்த நான் கொஞ்சம் நிமிர்ந்தேன். யாராக இருந்தாலும் நிமிர்ந்திருப்பார்கள். அந்த உயரம், அந்தக் குரல், 'பாட்ஷா'வில் மார்க் ஆண்டனியாக வந்த அந்தத் தோரணை. எனக்கு உயரம் கிடையாது. இருந்த குரலும் ரோலிங் மில் சத்தத்தில் என்றோ கரைந்துவிட்டது. ஆனாலும் இந்தக் காலத்துப் பிள்ளைக்கும் ஆளைப் பார்த்து எடைபோடத் தெரிகிறதே என்று மகிழ்ந்தேன். வேன் அடுத்த வளைவு திரும்புவதற்குள் விளக்கம் வந்துவிட்டது.

"மார்க் ஆண்டனி இல்ல பெரியப்பா. சம்சாரம் அது மின்சாரம் ரகுவரன்."

வேனே சிரித்தது. டிரைவர் உட்பட. மற்றவர்களையாவது மன்னிக்கலாம், சொந்தக்காரர்கள். டிரைவருக்கு என்ன வந்தது? பயணம் முடிந்ததும் அவர் கையில் வாடகையை எண்ணி வைக்கப்போவது நான்தானே.

உங்கள் வீட்டில் உங்களுக்கு என்ன வேஷம் என்று நான் கேட்கப்போவதில்லை. பொதுவில் சொல்லிக்கொள்ளும்படி இருந்தால் நீங்களே சொல்லியிருப்பீர்கள். எங்கள் வீட்டில் அன்று வேஷம் பிரித்த விதத்தை மட்டும் கேளுங்கள். அம்மையப்ப முதலியார், அதாவது விசு வேஷம், அவளுடைய அப்பாவுக்கு. என் சகலைக்கு. லட்சுமி நடித்த உமா, அந்தப் பொறுமைசாலி, அறிவாளி, குடும்பத்தை ஒட்டவைத்த மருமகள், அவளுடைய அம்மாவுக்கு. கமலா காமேஷ் செய்த கோதாவரி, மாமியாருக்கு. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பரீட்சையில் தவறிக்கொண்டே இருக்கும் பாரதி வேஷம் என் மகனுக்கு. இன்ஜினியரிங்கில் அவன் வைத்திருக்கும் அரியர்களைப் பார்த்தால் அதிலும் வாதாட முடியாது. என் மனைவிக்கு என்ன வேஷம் கிடைத்தது என்பதை அப்புறம் சொல்கிறேன். அது சொல்லியே ஆகவேண்டிய விஷயம்.

வேஷம் பிரித்தவள் பிறப்பதற்கு இருபது வருஷம் முன்னால் வந்த படம் அது. 1986. ஏவி.எம். தயாரிப்பு. முழுப்படத்தையும் அவள் பார்த்ததே இல்லை. போனில் துண்டு துண்டாகப் பார்த்திருக்கிறாள். துண்டாகப் பார்த்தால் ரகுவரன் எப்படித் தெரிவார்? காசு காசு என்கிற ஆளாகத்தான் தெரிவார்.

நான் அப்படி என்ன செய்துவிட்டேன்? சிறுவாபுரி முருகன் கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில் ஒரு துண்டுச் சீட்டில் செலவை எழுதினேன். வேன் வாடகை, அர்ச்சனைத் தட்டு, மாலை, நெய் விளக்கு, காலை டிபன். கூட்டினேன். குடும்பத்துக்கு இவ்வளவு என்று வகுத்தேன். சீட்டை முன் சீட்டுக்கு நீட்டினேன். அவ்வளவுதான். சகலை அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "பார்த்துக்கலாம்ணா" என்றார். இன்றுவரை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

சிறுவாபுரிக்கு எதற்குப் போவார்கள் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு செவ்வாய்க்கிழமை விடாமல் போனால் சொந்த வீடு அமையும் என்பது நம்பிக்கை. செவ்வாய்க்கிழமைகளில் சின்னம்பேட்டுச் சாலையைப் பார்த்தால், தமிழ்நாட்டில் பாதிப்பேர் வாடகை வீட்டில் இருக்கிறார்கள் என்று தோன்றும். அன்று எங்கள் வேனில் வாடகை வீட்டில் இருந்தது நான் ஒருவன்தான். பொன்னேரியில். சகலைக்குத் திருவள்ளூர் மணவாள நகரில் சொந்த வீடு, மாடியோடு. அவர் வேண்டிக்கொண்டது இன்னொரு வீட்டுக்கு. வீடு இருப்பவன் வீடு கேட்கிறான். வீடு இல்லாதவன் வேனுக்குப் பணம் கட்டுகிறான். இதில் முருகன் என்ன முடிவெடுத்தாலும் எனக்குச் சம்மதம். வேன் பணம் மட்டும் வந்தால் போதும்.

இப்போது சிதம்பரத்துக்கு வருவோம். ரகுவரன் செய்த பாத்திரத்தின் பெயர் சிதம்பரம். முப்பது வருஷத்துக்கு மேலாக இந்த நாட்டில் யாருமே அவர் பக்கம் நின்று ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று நான் பேசுகிறேன். என் சொந்தக் கேஸும் இதில் அடங்கியிருப்பதால் கொஞ்சம் நீளும்.

அந்த மனிதர் செய்த குற்றம் என்ன? மாதாமாதம் வீட்டுக்குப் பணம் கொடுத்தார். பெண்டாட்டி பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போனாள். ஒரு ஆள் சாப்பாடு குறைகிறதே என்று கொடுக்கும் தொகையைக் குறைத்தார். இதற்குத்தான் வீடு இரண்டுபட்டது. எத்தனையோ காலேஜ் ஹாஸ்டலில் லீவில் ஊருக்குப் போனால் மெஸ் பில்லைக் குறைக்கிறார்கள். எந்த வார்டனையாவது ரகுவரன் என்று யாராவது சொன்னதுண்டா? எங்கள் கேன்டீனில் லீவு போட்ட நாளுக்கும் சாப்பாட்டுக் காசு பிடித்துவிட்டார்கள் என்று ஒரு முறை ஷிப்டே கொதித்தது. அன்று கேட்டது உரிமை. அதையே சிதம்பரம் வீட்டில் கேட்டால் கஞ்சத்தனம்.

இன்னொன்று. வீட்டுக்கு நடுவில் கோடு போட்டவர் யார்? அப்பா. சிதம்பரம் அல்ல. மகன் கேட்டது கணக்கு, அப்பா கொடுத்தது கோடு. ஆனால் முப்பது வருஷமாகக் கோட்டைப் பற்றி யார் பேசினாலும் ரகுவரனைத்தான் திட்டுகிறார்கள். சரி, படம் எப்படி முடிகிறது? குடும்பத்தை ஒட்டவைத்த உமாவே, இனிமேல் தனித்தனியாக இருப்போம், நாள் கிழமையில் கூடிக்கொள்வோம் என்கிறாள். தியேட்டரில் கைதட்டல். சிதம்பரம் முதலிலேயே சொல்லவந்தது கிட்டத்தட்ட அதுதான். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. லட்சுமி அளவுக்கு நிதானமாகப் பேசியிருந்தால் படம் இடைவேளையிலேயே முடிந்திருக்கும், தேசிய விருதும் கிடைத்திருக்காது.

அதற்கு முந்தைய படங்களில் கணக்கே கிடையாது. பீம்சிங் எடுத்த 'பா' வரிசைப் படங்களை எண்ணிப் பாருங்கள். 'பாகப்பிரிவினை' 1959-ல், 'பாசமலர்' 1961-ல், 'படித்தால் மட்டும் போதுமா' 1962-ல். எல்லாவற்றிலும் அழுகை உண்டு, தியாகம் உண்டு, ரசீது கிடையாது. தங்கை கல்யாணத்துக்கு எவ்வளவு ஆயிற்று என்று 'பாசமலர்' அண்ணன் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தால், அந்தக் கடைசிக் காட்சிக்கு வேலையே இருந்திருக்காது என்பது என் எண்ணம். அழுதவர்களை எல்லாம் ஊர் கொண்டாடியது. குறித்து வைத்த ஒருவன் வந்தான், அவனை வில்லனாக்கிவிட்டார்கள். அதுவும் ஒரு மொழியோடு விட்டார்களா? தெலுங்கில் 'சம்சாரம் ஒக சதரங்கம்', மலையாளத்தில் 'குடும்ப புராணம்', இந்தியில் 'சன்சார்'. போன இடமெல்லாம் மூத்த பிள்ளைக்குக் கெட்ட பெயர்.

மனதில் இந்தச் சூடு ஆறாமல் இருந்தபோதுதான் மகனுக்கு ஒரு சான்றிதழ் வாங்கத் திருவள்ளூர் போகவேண்டி வந்தது. பொன்னேரிக்கும் திருவள்ளூருக்கும் நேர் ரயில் கிடையாது. ஒரே மாவட்டம்தான். கும்மிடிப்பூண்டி லைன் வடக்கே போகிறது, திருவள்ளூர் லைன் மேற்கே போகிறது. பேசாத அண்ணன் தம்பி இரண்டு பேர் மூன்றாம் மனிதர் வீட்டு விசேஷத்தில் சந்திப்பதுபோல இரண்டும் சென்னைக்குள் வந்து பேசின் பிரிட்ஜில்தான் முகம் பார்த்துக்கொள்கின்றன. ரோடு வழியாகப் போகலாமே என்பீர்கள். பஸ்ஸுக்கு நின்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பேசின் பிரிட்ஜ் பிளாட்பாரத்தில் அரக்கோணம் வண்டிக்குக் காத்திருந்த நேரத்தில், கோபத்தில், எங்கள் மாவட்டத்துக்கே வேஷம் பிரித்துவிட்டேன்.

அம்மையப்ப முதலியார் யார்? பழைய செங்கல்பட்டு மாவட்டம். பெரிய வீடு, கூட்டுக் குடும்பம். 1997-ல் நடுவில் கோடு விழுந்தது. இந்தப் பக்கம் திருவள்ளூர், அந்தப் பக்கம் காஞ்சிபுரம். பட்டும் பெரிய கோயில்களும் கடற்கரைச் சிற்பங்களும் அந்தப் பக்கத்துக்குப் போயின. நம் பக்கம் வந்தது ஏரி, செங்கல் சூளை, அனல்மின் நிலையம்.

நம் பங்கில் மூத்தவன் திருவள்ளூர். ஆபீஸ் நாற்காலி அவனிடம். கலெக்டர் ஆபீஸ், கோர்ட்டு, ஃபைல் எல்லாம் அவன் மேஜையில். இளையவன் கும்மிடிப்பூண்டி. சம்பாத்தியம் அவனுடையது. 1971-ல் தொடங்கிய சிப்காட் அங்கே தொழிற்பேட்டை போட்டதிலிருந்து இரும்பை உருக்குகிறான், கம்பி இழுக்கிறான், ராத்திரி பகல் பார்க்காமல் மூன்று ஷிப்ட் உழைக்கிறான். கையெழுத்து வேண்டுமென்றால் மட்டும் அண்ணனிடம் வரவேண்டும். அதுவும் பேசின் பிரிட்ஜ் சுற்றிக்கொண்டு. சாப்பாட்டு மேஜையில் அண்ணன் பேசுவான், தம்பி முதுகில் கரி அப்பியிருக்கும். இந்தக் கதையை விசு எடுத்திருந்தால் கணக்கு கேட்கும் வேஷத்தை யாருக்குக் கொடுத்திருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

கோதாவரி வேஷத்துக்கு மீஞ்சூரைத் தவிர வேறு ஊர் கிடையாது. எந்நேரமும் அடுப்படி. அத்திப்பட்டுப் பக்கம் புகைபோக்கி, காற்றில் சாம்பல், சாலையில் கன்டெய்னர் லாரி. போதாக்குறைக்கு 2010-ல் கடல்நீரைக் குடிநீராக்கிச் சென்னைக்கு ஊற்றும் வேலையும் தலையில் விழுந்தது. கண்ணைக் கசக்குவது அழுகையா புகையா என்று யாரும் கேட்பதில்லை.

சென்னை? தனிக்குடித்தனம் போன பணக்காரச் சித்தப்பா. வீட்டை விட்டுப் போனாலும் வீட்டுத் தண்ணீரை விடவில்லை. கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டியில் 1944-ல் நீர்த்தேக்கம் கட்டினார்கள், சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். மழை பெய்வது இங்கே, நிலம் முழுகியது இங்கே, குழாய் திறப்பது அங்கே. அது போகட்டும். 2018-ல் சித்தப்பா மறுபடி வந்தார். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்கிற மாதிரி வந்தவர் திரும்பும்போது திருவொற்றியூர், மாதவரம், அம்பத்தூர் எல்லாவற்றையும் தன் மாவட்டத்தோடு சேர்த்துக்கொண்டார். நல்ல வெண்கலப் பாத்திரமாகப் பார்த்து எடுத்துப் போய்விட்டு, ஈயச்சொம்பை நமக்கு விட்ட கதை.

ஆந்திரா சம்பந்தி வீடு. இதை நான் ரசித்து ரசித்துப் போட்டேன், அரக்கோணம் வண்டி ஒன்று போனதுகூடத் தெரியவில்லை. 1983-ல் கிருஷ்ணா நீர் ஒப்பந்தம். மகாராஷ்டிரா, கர்நாடகா, ஆந்திரா மூன்றும் ஆளுக்கு 5 டி.எம்.சி. சீர் வைப்பதாகப் பேச்சு. மொத்தம் 15. வழியில் ஆவியாகிப் போவது 3. எல்லைக்கு வந்து சேரவேண்டியது 12. எந்தக் கல்யாணத்தில் பேசிய சீர் பேசியபடி வந்திருக்கிறது? முதல் சொட்டு ஊத்துக்கோட்டைப் பக்கத்து ஜீரோ பாயின்ட்டைத் தொடுவதற்கே 1996 ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு வருஷமும் நம் வீட்டிலிருந்து யாராவது கடிதம் எழுதுவார்கள், அங்கிருந்து "அனுப்பறோம், அனுப்பறோம்" என்று பதில் வரும். சம்பந்தி வீட்டில் கெட்டிக்காரப் பிள்ளையும் இருக்கிறான். சூலூர்பேட்டைக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிறான். அது மேலே ஏறும்போது கும்மிடிப்பூண்டி மொட்டை மாடியில் நின்று கைதட்டுவது நாம்தான். சீர் பாக்கியைப் பற்றி அந்த நேரத்தில் கேட்டால் மரியாதையாக இருக்காது.

புகுந்த வீட்டில் விட்டுவைத்திருந்த பெண்ணை வழக்கு போட்டு மீட்டுக் கொண்டுவந்த கதையும் நம் மாவட்டத்தில் உண்டு. திருத்தணி. ம.பொ.சி. போராடி, கமிஷன் உட்கார்ந்து, 1960-ல் தாய்வீடு வந்தாள். சும்மா வரவில்லை. பதிலுக்குத் திருவள்ளூர், பொன்னேரி தாலுகாக்களில் சில கிராமங்களை அந்தப் பக்கம் கொடுத்தோம். பார்த்தீர்களா? அங்கேயும் யாரோ ஒருவன் சீட்டை வைத்துக்கொண்டு கொடுத்தது இவ்வளவு, வாங்கியது இவ்வளவு என்று எழுதியிருக்கிறான். அவன் பெயர் யாருக்கும் தெரியாது.

பழவேற்காடு பாட்டி. டச்சுக்காரன் வந்தான், கோட்டை கட்டினான், துணி வாங்கினான், எங்க வீட்டு வாசல்ல கப்பல் நிக்கும் என்று ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். இப்போது மிச்சம் இருப்பது டச்சுக் கல்லறையும் இறாலும். கடைக்குட்டி பாரதி, கண்ணன்கோட்டை-தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம். 2020-ல் பிறந்தது. கொள்ளளவு அரை டி.எம்.சி. பாஸாகுமா ஃபெயிலாகுமா என்று ஒவ்வொரு ஐப்பசியிலும் வீட்டில் எல்லாரும் அதன் முகத்தைப் பார்க்கிறார்கள். பொன்னேரிக்கு நான் வேஷம் கொடுக்கவில்லை. வீட்டுக்காரருக்குக் காதில் விழுந்தால் வாடகை ஏறும்.

விருந்தாளி இல்லாமல் குடும்பப் படமா? அதற்குப் பெருமாளே இருக்கிறார். திருவள்ளூர் வீரராகவர் கதை தெரியும்தானே. சாலிஹோத்ர முனிவர் வருஷக்கணக்கில் உபவாசம் இருந்து, கொஞ்சம் மாவு சேர்த்து, சாப்பிட உட்காரும் நேரத்தில் ஒரு கிழவர் வருகிறார். மாவைக் கொடுக்கிறார் முனிவர். கிழவர் சாப்பிட்டு முடித்துவிட்டு, அலுப்பாக இருக்கிறது, படுக்க இடம் எது என்கிறார். முனிவர் தன் இடத்தைக் காட்டுகிறார். படுத்தவர் பெருமாள். இன்றுவரை எழுந்திருக்கவில்லை. அமாவாசைக்கு அமாவாசை ஊரே திரண்டு அவர் படுத்திருக்கும் அழகைப் பார்த்துவிட்டு வருகிறது. பகவான் செய்தால் அது லீலை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே ஊர்க்காரரான என் சகலை பொன்னேரிக்கு வரும்போதெல்லாம், சாப்பிட்டு முடித்ததும் என் கட்டிலைக் காட்டச் சொல்வது ஸ்தல மகிமையால்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

கண்ணம்மா வேஷம், மனோரமா செய்தது, யாருக்கு என்று ரொம்ப நேரம் யோசித்தேன். வேலைக்காரியாக வந்து வீட்டையே கையில் வைத்திருந்தவள், சம்பந்தி ஆல்பர்ட் வீட்டுக்கே போய் வாயை அடைத்தவள். மாவட்ட அளவில் அந்தத் தகுதி பெரியபாளையத்து பவானி அம்மனுக்குத்தான் உண்டு. ஆடி மாதம் வேப்பிலை கட்டிக்கொண்டு வரும் கூட்டத்தில் கலெக்டர் ஆபீஸ்காரனும் நிற்கிறான், கம்பெனிக்காரனும் நிற்கிறான், சித்தப்பா வீட்டு ஆட்களும் நிற்கிறார்கள். யாரும் மூச்சு விடுவதில்லை. எங்கள் வீட்டில் கண்ணம்மா வேஷம் கிடைத்த என் மனைவி... இல்லை, இதற்கு மேல் வேண்டாம். இப்போது பக்கத்து அறையில் தையல் மெஷின் சத்தம் நின்றிருக்கிறது. அடுத்ததற்குப் போகிறேன்.

ஆலை. நான் வேலை பார்ப்பது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில், டிஸ்பேட்ச் செக்ஷனில். இங்கே கணக்குக்கு மரியாதை உண்டு. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 12 எம்.எம். கம்பி என்றால் மீட்டருக்கு முக்கால் கிலோவுக்கு மேல், 888 கிராம். 12 மீட்டர் நீளத்துக்கு 10 கிலோ 660 கிராம் சொச்சம். எத்தனை கம்பி என்று எண்ணிப் பெருக்கினால் வருவதும் எடை மேடையில் லாரி காட்டுவதும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவேண்டும். ஒத்துவராவிட்டால் கேட் பாஸ் கிடையாது. "பார்த்துக்கலாம்ணா" என்று எந்த லாரி டிரைவரும் என்னிடம் சொன்னதில்லை. சொன்னால் லாரி அங்கேயே நிற்கும்.

ஆனால் இங்கேயும் வேஷம் பிரிக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகும் வாரம் ஒருமுறை இஸ்திரி போட்ட சட்டையோடு கேட்டுக்கு வந்து, "நான் இருந்தப்போ இந்த டன்னேஜ் எல்லாம் சாதாரணம்" என்று சொல்லிப்போகும் பழைய மேனேஜருக்குப் பிரெஸ்டீஜ் பத்மநாபன் என்று பெயர். 'வியட்நாம் வீடு' வந்தது 1970-ல். அந்தப் பெயரை வைத்தவனுக்கு இருபத்தாறு வயது. ஸ்டோர்ஸில் இருக்கும் பெண்மணி எந்தச் சாமான் கேட்டாலும் முதலில் இல்லை என்பதால் ஏதோ ஒரு சீரியல் மாமியார். பெயர் அடிக்கடி மாறும். சீரியல் முடிந்தால் அடுத்த சீரியல். ஷிப்ட் பஸ்ஸில் முன் சீட்டைப் பிடித்து வைப்பவன் சீரியல் வில்லன் ஆதி குணசேகரன். அவனுக்கு அது பெருமை.

என் மனக்குறையை ஒரு நாள் லோடிங்கில் இருக்கும் பீகார்ப் பையனிடம் சொன்னேன். தமிழ் நன்றாகப் பேசுவான். படத்தின் கதையைச் சொல்ல ஆரம்பித்ததுமே, "தெரியும் சார், அனுபம் கேர், ரேகா, சன்சார்" என்றான். எனக்கு ஒரே சந்தோஷம். சரியான நீதிபதி கிடைத்துவிட்டார் என்று மூத்த மகனின் நியாயத்தை எடுத்துவைத்தேன். கணக்கு எழுதுவது தப்பா, நீயே சொல்லு என்றேன்.

"தப்பு இல்ல சார். நம்ம அண்ணனும் எழுதுவாரு. நான் இங்கேருந்து அனுப்புற பைசா எல்லாம் நோட்டுல எழுதி வச்சிருந்தாரு. சிமென்ட் இவ்வளவு, கம்பி இவ்வளவு. ஊருக்குப் போனப்போ காட்டினாரு. எல்லாம் கரெக்டு சார்."

"பார்த்தியா!" என்றேன்.

"கணக்கு கரெக்டு சார். வீடு மட்டும் அண்ணன் பேர்ல இருக்கு."

அன்று லோடு அதிகம். நான் தார்பாய் சரியாகக் கட்டியிருக்கிறார்களா என்று பார்க்கப் போய்விட்டேன். அந்தப் பையன் சொன்னதை எதிர்த்தரப்புச் சாட்சியமாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது பீகார், பத்திரப் பதிவு வேறு மாதிரி இருக்கலாம்.

இவ்வளவும் பேசிவிட்டு விசுவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சரியில்லை. 2020 மார்ச்சில் அவர் போனார். ரகுவரன் அதற்கு முன்பே, 2008-ல், அதுவும் ஒரு மார்ச்சில். இரண்டு பேருமே அபாரமான நடிகர்கள், எனக்கு மறுபேச்சே இல்லை. என் சண்டை அவர்களோடு அல்ல. விசு அந்த வேஷத்தை அவ்வளவு நன்றாகச் செய்து தொலைத்ததால், நாலு வார்த்தை கோர்வையாகப் பேசத் தெரிந்த ஒவ்வொரு ஆணும் தன்னை அம்மையப்ப முதலியார் என்று நினைத்துக்கொள்கிறான் என்பதுதான் சங்கடம். என் சகலைக்கு அந்த வேஷம் கிடைத்ததற்கு வேறு என்ன காரணம்? வேனில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை கூட்டுக் குடும்பத்தின் பெருமையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். "ஒண்ணா இருந்தா என்னா ஒரு சந்தோஷம் பாருங்க" என்று என் தோளைத் தட்டினார். பையில் கைவிட்டாரா? கைக்குட்டை எடுத்தார்.

சந்தேகம் தெளியட்டும் என்று போன நைட் ஷிப்டில் டீ நேரத்தில் எங்கள் ஆட்களையே கேட்டேன். கூச்சப்படாமல் சொல்லுங்கள், அந்தப் படத்தில் உங்களுக்கு எந்த வேஷம் பொருந்தும்? கிரேன் ஆபரேட்டர் கொஞ்சமும் யோசிக்கவில்லை, விசு என்றார். ஃபர்னஸ் ஃபோர்மேன் விசு. எலக்ட்ரீஷியன், வீட்டில் பெண்டாட்டியோடு பேச்சுவார்த்தை இல்லாதவர், அவரும் விசு. எடை மேடைக்காரர், "நான் எதையும் மனசுல வச்சுக்கமாட்டேன் சார், விசுதான்" என்றார். போன தீபாவளி போனஸில் நடந்த தகராறை இன்னும் வாரம் ஒரு தடவை சொல்பவர் அவர். கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி பெரியவர் தன்னை இதுவரை யாருமே கேட்டதில்லை என்று வருத்தப்பட்டார். கேட்டேன். துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு, "நம்மளும் அந்த முதலியார் மாதிரிதான் தம்பி" என்றார். நடுராத்திரியில் ஒரு ரோலிங் மில்லுக்குள் இத்தனை குடும்பத் தலைவர்கள் டம்ளரும் கையுமாக நின்று, ஒற்றுமையைப் பற்றி ஆளுக்கொரு கருத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வெளியே நெல்லூர் லாரி ஹார்ன் அடிக்கிறான். 16 எம்.எம். கட்டு எத்தனை ஏறியிருக்கிறது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. "சார் எண்ணிடுவாரு" என்று ஏகமனதாக முடிவெடுத்தார்கள்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு எண்ணப் போனேன். இரண்டு கட்டு குறைந்தது.